வெளியே போகாத அழைப்பு

எங்கள் அலுவலகத் தொலைபேசி பழுது என்று ஒருவரும் சொன்னதில்லை. மணி அடித்தது, எடுத்தோம், கதைத்தோம். கச்சேரியிலிருந்து எடுத்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார்கள், கொழும்பிலிருந்து நிதி தருபவர்கள் எடுத்தார்கள். அடிக்கிற தொலைபேசியை யார் பழுது என்பார்கள்? நாங்கள் வெளியே எடுப்பதுதான் கொஞ்சம் கரைச்சல். "ரெண்டு மூண்டு தரம் அடிச்சுப் பார், போகும்" என்பார்கள். போகாவிட்டால் அவரவர் கைத்தொலைபேசியில், அவரவர் ரீலோட் காசில் எடுத்துவிடுவோம். அதற்கு மேல் அதைப்பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. முன்மேசையில் இருந்து அந்தத் தொலைபேசியைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான்.

எங்களுடையது கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சிறு ஒழுங்கையில் உள்ள பெண்கள் அமைப்பு. தையல் பயிற்சி, சிறுகடன் குழு, உளவளத்துணை என்று மூன்று வேலை. காவலாளி ஐயாவைத் தவிர எல்லோரும் பெண்கள்.

2019 ஐப்பசியில் ஒரு நாள் காலை, தையல் வகுப்புக்கு வரும் தங்கச்சி ஒருவர் என் மேசைக்கு வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்க அவரைப் பற்றிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் தைத்த பிளவுஸ் துணி இருந்தது. "அக்கா, ஒரு கோல் எடுக்கலாமோ?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அது நானே எழுதி ஒட்டிய தாள். பெண்களுக்கான உதவி 1938, சிறுவர் உதவி 1929, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 என்று நாலு இலக்கங்கள். அவர் பார்த்தது முதலாவதை.

அவரிடம் கைத்தொலைபேசி இருந்தது. ஆனால் இரவில் கணவன் அதை வாங்கி, யாருக்கு எடுத்தது, யார் எடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். அழித்துவிட்டால் "ஏன் அழிச்சனி?" என்று அதற்கும் அடி. என்னுடையதைக் கொடுத்தேன். எங்கள் கட்டடம் தகரக் கூரை, உள்ளே கவரேஜ் வராது; வாசல் கேற்றடிக்குப் போய் நின்றுதான் கதைக்க வேண்டும். கேற்றுக்கு நேரே ஓட்டோத் தரிப்பிடம். அங்கே நிற்பவர்களில் ஒருவர் அவருடைய கணவனின் தம்பி. பணிப்பாளர் கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார், அவருடைய அறை பூட்டியிருந்தது. ஆகவே என் மேசைத் தொலைபேசிதான் மிச்சம்.

"இரும் பிள்ளை, நான் எடுத்துத் தாறன்" என்று சொல்லி 1938 ஐ அழுத்தினேன். மூன்றாவது இலக்கத்திலேயே பீப் பீப் என்று கத்தியது. பதட்டத்தில் ஒன்பதை மறந்துவிட்டேன். எங்கள் தொலைபேசியில் வெளியே போவதற்கு முதலில் 9 ஐ அழுத்த வேண்டும். இரண்டாவது தரம் 9 ஐ அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை, கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது. வைத்துவிட்டேன். மூன்றாவது தரம் 9 ஐ அழுத்த வெளி லைனின் சத்தம் வந்தது. அப்பாடா என்று 1 ஐத் தொட்டேன். தொட்டவுடனே மறுபடி பீப் பீப் பீப்.

அந்தத் தங்கச்சி என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது தரம் நான் எடுக்க முதல், "பரவாயில்லை அக்கா, பிறகு வாறன்" என்று சொல்லிப் பிளவுஸ் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீடு தேடிப் போகலாம்தான். போனால் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி அவர் தலையில்தான் விழும் என்று எங்கள் உளவளத்துணையாளர் சொன்னார். அது சரிதான், ஆனாலும் எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை.

கணக்கு அக்கா, "யாழ்ப்பாணத்தில இருந்து ஆள் வரவேணும், ரெண்டு கிழமை செல்லும்" என்றார். வரட்டும், அதற்கிடையில் என்ன நடக்கிறது என்றாவது பார்ப்போம் என்று ஒரு கொப்பியை எடுத்தேன். நான் மின்னியல் படித்தவள் அல்ல. வன்னியில் இருந்த காலத்தில் எங்களுக்குத் தொலைபேசி என்றால் வவுனியா. பாஸ் எடுத்துச் சோதனைச் சாவடி கடந்து போய், கொமினிக்கேசன் கடையில் வரிசையில் இருந்து, வெளிநாட்டிலிருக்கும் அண்ணா சொன்ன நேரத்துக்கு எடுக்கும்வரை காத்திருப்பது. அவ்வளவுதான் என் அனுபவம்.

கொப்பியில் நாலு நிரல் கீறினேன்: எந்த மேசையிலிருந்து, எந்த இலக்கத்துக்கு, என்ன சத்தம், எத்தனையாவது இலக்கத்தில் நின்றது. இரண்டு நாளில் முப்பதுக்கு மேற்பட்ட அழைப்பு எழுதினேன். எழுதத் தொடங்கிய பிறகுதான், 'சிலவேளை போகும், சிலவேளை போகாது' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றல்ல, மூன்று வெவ்வேறு பழுது என்று தெரிந்தது.

இந்தத் தொலைபேசி முறை எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவரில் பெரிய பிஸ்கற் பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் வெளியிலிருந்து இரண்டு லைன் வருகிறது. உள்ளே எட்டு மேசைகளுக்கு எட்டு வயர் போகிறது. மேசைகளுக்கு 101 இலிருந்து 108 வரை இலக்கம். றிசீவரைத் தூக்கும்போது கேட்கும் முதல் சத்தம் இந்தப் பெட்டி தருவது, தொலைபேசிக் கொம்பனி தருவதல்ல. 9 ஐ அழுத்தினால் பெட்டி ஒரு வெளி லைனைப் பிடித்துத் தரும். அப்போது வேறு சத்தம் கேட்கும். அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மற்ற இலக்கங்களை அழுத்த வேண்டும். அவசரப்பட்டு அதற்கு முதலே அழுத்தினால் முதல் இலக்கம் விழுங்கப்பட்டுப் பிழையான இடத்துக்குப் போகும். நாங்கள் எத்தனை தரம் யாரோ வீட்டை எழுப்பி மன்னிப்புக் கேட்டிருப்போம்!

9 இல்லாமல் 1938 ஐ அழுத்தினால் பெட்டி என்ன நினைக்கும்? மேசை இலக்கங்கள் 1 இல்தான் தொடங்குகின்றன. ஆகவே 1, 9, 3 என்று வந்ததும் 193 ஆம் மேசையைத் தேடும். அப்படி ஒரு மேசை இல்லை. கத்தும். இது பழுதே அல்ல. ஆனால் நான் சுவரில் ஒட்டிய தாளில் வெறும் 1938 என்றுதானே எழுதியிருந்தேன்? புதிதாக வந்த ஒருவர் இரவில் தனியாக நின்று அதைப் பார்த்து அழுத்தினால் போகாது. அந்தப் பிழை என்னுடையது.

இரண்டாவது, அந்தக் கிணற்றுச் சத்தம். கொப்பியைப் பார்த்தால் அது ஒன்று விட்டு ஒன்றாக வந்திருந்தது. சின்ன வயதில் புளியங்கொட்டை வைத்து ஒற்றையோ இரட்டையோ விளையாடுவோமே, அதுபோல. ஒரு அழைப்புப் போகும், அடுத்தது ஊமை, அதற்கடுத்தது போகும். பெட்டி இரண்டு லைனையும் மாறி மாறிப் பிடிக்கிறது, அதில் ஒரு லைன் செத்துக் கிடக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் கடிதத்தாளில் முதலாம் லைனின் இலக்கம் மட்டும்தான் அச்சிட்டிருக்கிறது. ஆகவே வெளியார் எல்லோரும் முதலாம் லைனுக்கே எடுத்தார்கள், மணியும் ஒழுங்காக அடித்தது. இரண்டாம் லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஒருவரும் இல்லை.

உறுதிப்படுத்த, களஞ்சிய அறையில் கிடந்த பழைய சாதாரணத் தொலைபேசி ஒன்றைத் துடைத்து எடுத்தேன். பெட்டிக்குள் போகும் வெளி லைனைக் கழற்றி, அதை நேரே அந்தத் தொலைபேசியில் கொழுவினேன். பெட்டியில் பழுதா, லைனில் பழுதா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை. முதலாம் லைனில் சத்தம் வந்தது, ஆனால் இலக்கத்தை அழுத்தினால் டக் டக் என்று மட்டும் கேட்டது, போகவில்லை. தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சின்ன ஆளி ஒன்று, ஒரு பக்கம் 'ரி', மறுபக்கம் 'பி' என்று ஆங்கில எழுத்து. பி என்பது பழைய காலத்துச் சுழற்றும் தொலைபேசியின் முறை. ரி பக்கம் தள்ளினேன், போனது. இரண்டாம் லைனில் கொழுவினால் ஒன்றுமில்லை. பிறகு ஏணி வைத்து வயர் வழியே பார்த்துக்கொண்டு போன காவலாளி ஐயா, தாழ்வாரத்தில் அணில் கடித்து வைத்திருந்த இடத்தைக் காட்டினார்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒன்று: வானம் கறுத்து இடி முழங்கும்போது தொலைபேசி வயரில் கை வைக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஐப்பசியில் பின்னேரங்களில் மின்னல் பொல்லாதது. நான் காலையில்தான் செய்தேன். மணி அடிக்கும் நேரத்தில் வெறும் வயரைத் தொட்டாலும் சுள்ளென்று இழுக்கும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நல்ல லைன் கிடைத்தாலும் சில இலக்கங்கள் போகவேயில்லை. யாழ்ப்பாணம் 021 போனது, வவுனியா 024 போனது, மன்னார் 023 போனது, கொழும்பு 011 போனது. கைத்தொலைபேசி ஒன்றுக்கும் போகவில்லை. நாலு இலக்க உதவி இலக்கங்களும் போகவில்லை. கைத்தொலைபேசிக்குப் போகாது என்பது எங்களுக்குப் பழகிப்போன விடயம். "ஒபிஸ் போனில மொபைலுக்குப் போகாது" என்று, மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏன் என்று கேட்டதில்லை.

விடை கொப்பியின் நாலாவது நிரலில் இருந்தது. கைத்தொலைபேசிக்கு எடுக்கும்போது 0 வரை பொறுமையாக இருக்கும். 7 ஐ அழுத்தியதும் வெட்டும். 1938 என்றால் 1 இலேயே வெட்டும். 1929, 1990, 119 எல்லாவற்றுக்கும் அப்படியே. பழுதான லைன் இலக்கம் பார்த்து வெட்டாது. யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் இந்தப் பெட்டி வெட்டுகிறது. முதலாம் லைனில் நேரே கொழுவிய பழைய தொலைபேசியில் 1938 ஐ ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். உடனே மணி அடித்தது, ஒரு பெண் குரல் எடுத்தது. பரிசோதித்துப் பார்க்க எடுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உடனே வைத்தேன். கை நடுங்கியது. இந்தக் குரல் மூன்று நாளுக்கு முதல் அந்தப் பிள்ளையின் காதில் கேட்டிருக்க வேண்டியது.

பழைய கோவைகளைக் கிளறினேன். 2012 இல் இந்தப் பெட்டியைப் பூட்டியபோது எழுதிய ஒரு தாள் கிடைத்தது. அப்போதைய முகாமையாளரின் கையெழுத்தில், 00, 07, 1 ஆகியவற்றில் தொடங்கும் இலக்கங்களைத் தடை செய்யவும், 102 தவிர, என்றிருந்தது. 102 பணிப்பாளர் அறை. நாங்கள் கரைச்சல் என்று சொல்லும் போதெல்லாம் பணிப்பாளர் அம்மா, "எனக்கு ஒழுங்காகத்தானே போகுது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அறையிலிருந்து உண்மையில் எல்லாம் போனது. எப்போதாவது ஊமையாக இருந்தால் திரும்ப எடுத்திருப்பார்.

இந்த மாதிரிப் பூட்டு எல்லா அலுவலகத் தொலைபேசிப் பெட்டிகளிலும் போடலாம். எந்த மேசைக்கு எந்த இலக்கம் போகலாம், எது போகக்கூடாது என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். செலவைக் கட்டுப்படுத்த நல்ல ஏற்பாடுதான். அந்த முகாமையாளரில் எனக்குக் கோபம் இல்லை. மீள்குடியேறிய கையோடு தொடங்கிய அமைப்பு. ஒரு மாதப் பில் கூடினால் ஒரு தையல் மெசின் குறையும். 1 இல் தொடங்குவதெல்லாம் காசு பிடிக்கிற சேவை என்று நினைத்திருப்பார். 1990 அம்புலன்ஸ் அப்போது நாட்டிலேயே இல்லை. அது 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல்தான் எங்கள் வடக்குக்கு வந்தது. ஆனால் ஏழு வருடமாக அந்தத் தாளை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரில் நான் உதவி இலக்கங்களை ஒட்டினேன். அதே சுவரில் இருக்கிற பெட்டி அவற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

பணிப்பாளர் திரும்பி வந்ததும் கொப்பியைக் கொண்டு போய் வைத்தேன். கூட்டம் வைத்தார். கணக்கு அக்கா, "பூட்டைத் திறந்தால் பெட்டையள் இருந்து கதைப்பினம், பில்லை ஆர் கட்டுறது?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நாங்கள் மிஸ்கோல் அடித்தே வளர்ந்த பெண்கள். வெளிநாட்டுக்கு மிஸ்கோல், ஊருக்குள் மிஸ்கோல், மற்றவர் திருப்பி எடுக்கட்டும் என்று இரண்டு மணி அடித்து வைத்துவிடுவோம். அலுவலக வேலைக்குக்கூடச் சொந்த ரீலோட்டில் எடுத்துக்கொண்டிருந்தோம், அதை ஒருவரும் கணக்கில் எழுதவில்லை. இதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அக்கா பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொருவரும் சொந்தக் காசில் மாதம் எவ்வளவு எடுத்தோம் என்று ஒரு பட்டியல் கேட்டார். அது அலுவலகப் பில்லின் அரைவாசிக்குக் கிட்ட வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து திருத்த வந்த தம்பி கொப்பியைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் கண்டுபிடிச்சு வச்சிட்டு என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று சிரித்தார். 101 இலிருந்தே ஏதோ இலக்கங்களை அழுத்தி அரை மணித்தியாலத்தில் 07 க்கும் 1 க்கும் இருந்த பூட்டைத் திறந்தார். 00 பூட்டியபடியே இருக்கட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அணில் கடித்த இடத்தில் புது வயர் இழுத்தார். நாலு இலக்க எண்ணை அழுத்திய பிறகு இன்னும் வருமோ என்று சில பெட்டிகள் நாலைந்து வினாடி காத்து நிற்கும், அந்த அமைதியில் பயந்து வைத்துவிடக்கூடாது என்றும் சொல்லித் தந்தார்.

நான் கேட்ட இன்னொரு வேலையையும் செய்தார். முதலாம் லைனிலிருந்து உளவளத்துணை அறைக்கு, பெட்டிக்குள் போகாமல் நேரே ஒரு வயர். அதில் அந்தப் பழைய தொலைபேசி. இதில் 9 தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. செம்புக் கம்பி லைன் என்றால் தொலைபேசிக்கு வேண்டிய மின் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது பெட்டியும் எட்டு மேசையும் ஊமையாகக் கிடக்க, அந்தப் பழைய தொலைபேசி ஒன்றுதான் எங்கள் ஒழுங்கையில் வேலை செய்தது. ஃபைபர் லைன் எடுத்தவர்கள் இப்படி நம்பியிருக்க முடியாது; அதற்கு வீட்டில் பற்றரி வேண்டும்.

சுவரில் இருந்த தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். மேசைத் தொலைபேசிக்குப் பக்கத்தில்: 9 ஐ அழுத்தவும், இரண்டாவது சத்தம் வரும்வரை நிற்கவும், பிறகு 1938. உளவளத்துணை அறையில்: நேரே 1938.

அந்தத் தங்கச்சி பத்தாம் நாள் வந்தார். இடது கையை நீட்ட முடியாமல் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். தையல் வகுப்புக்குப் போகாமல் என் மேசையடியில் நின்றார். "அக்கா, போன் சரியோ?" என்று மட்டும் கேட்டார்.

உளவளத்துணை அறைக்குக் கூட்டிப் போனேன். கதிரையை இழுத்துப் போட்டேன். நானே எடுத்து, மணி அடிக்கிறது என்று கேட்ட பிறகு றிசீவரை அவருடைய வலது கையில் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கதவடியில் நின்றேன், ஒருவரும் உள்ளே போகாமல். சொற்கள் கேட்கவில்லை, குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு நிற்காமல். இருபது நிமிடத்துக்கு மேல் கதைத்தார்.

அவர் வகுப்புக்குப் போன பிறகு திரும்பி அறைக்குள் வந்தேன். கடைசியாக எடுத்த இலக்கம் தொலைபேசியில் பதிந்து நிற்கும், யாராவது மறு அழைப்புப் பொத்தானை அழுத்தினால் அங்கேதான் போகும் என்று திருத்த வந்த தம்பி சொல்லியிருந்தார். றிசீவரை எடுத்து எங்கள் அலுவலகக் கைத்தொலைபேசிக்கு ஒரு அழைப்பு எடுத்தேன். முன்மேசை லாச்சிக்குள் அது அடிக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டு, கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டு, நேரே உள்ள லைன், நாலு இலக்கம், போனது என்று எழுதினேன்.